மூன்றாம் ஆள்

உதுமான் ராவுத்தர் மலையிலிருந்து ஒரு நாள் பிந்தித்தான் வீடு திரும்புகிறார் என்பதைச் சபுரா கவனிக்கத் தொடங்கியது கல்யாணமாகி நாலாம் வருஷத்தில்.

அப்போது கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. மிளகும் கடுக்காயும் சுமந்த மட்டக்குதிரைகள் ஒற்றையடிப் பாதையில் இறங்கி, மலைச்சந்தைக்கு மறுநாள் அடிவாரத்து ஊருக்கு வந்துவிடும். குதிரை ஓட்டிவரும் பொங்கியண்ணன் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு, "ராவுத்தரு நாளைக்கு வருவாருங்கம்மா. தேவனூர் நாட்டுப் பக்கம் மிளகுக்கொடி பாக்கப் போயிருக்காருங்க" என்பான். கொடியில் காய் பிடிக்காத மாசத்திலும் அதையேதான் சொன்னான்.

ஒரு தடவை அவருடைய மூட்டையில் நீல நிறத்தில் மெல்லிய நூல் சேலை ஒன்று இருந்தது. பக்ரீதுக்குத் தனக்கு வாங்கியிருக்கிறார் என்று நினைத்துச் சபுரா அதைத் தொடாமல் மூடிவைத்தாள். பக்ரீது வந்தது. அவளுக்குச் சிவப்புச் சேலை கிடைத்தது. நீலச்சேலை அடுத்த சந்தைக்கு மலையேறிப் போய்விட்டது.

பக்கத்து வீட்டு ரமீஜா இதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம்னு வெச்சுக்கிறது ஏவாரிங்களுக்குப் புதுசா என்ன? நீதான் கண்ணைத் தொறந்து பாக்கோணும்."

சபுரா உதுமானுக்கு இரண்டாந்தாரம். முதல் மனைவி ஜெய்த்தூன் பீவிக்குப் பெருநோய் கண்டது. ஜமாத் கூடி அவரைத் தலாக் சொல்ல வைத்தது. எங்கோ ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அங்கேயே மௌத்தாகிவிட்டாள் என்று ஊரில் பேச்சு. சபுராவைப் பெண் கேட்டு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். உதுமான் மட்டும் அதை ஒருநாளும் தன் வாயால் சொன்னதில்லை. துக்கத்தில் பேசாமல் இருக்கிறார் என்று சபுரா எடுத்துக்கொண்டாள். செத்துப்போனவள் மேல் அவளுக்குப் பொறாமை வந்ததில்லை. இப்போது உயிரோடு ஒருத்தி மலைமேல் இருக்கிறாள் என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை. சேலையின் நீலம் கண்ணை விட்டுப் போகவில்லை. அதைக் கட்டியிருப்பவளுக்கு ஒரு முகத்தைக் கற்பனை செய்தாள். நாளுக்கு நாள் அந்த முகம் அழகாகிக்கொண்டே போனது.

அடுத்த சந்தைக்கு அவர் புறப்பட்டுப் போன மறுநாள் விடிகாலையில், மூன்று வயது மகள் பல்கீஸை ரமீஜாவிடம் விட்டுவிட்டு, தாய்வீடு போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். அடிவாரத்தில் உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு மலையேறிய பெண்களோடு சேர்ந்துகொண்டாள். வெள்ளைத் துப்பட்டி போர்த்த பெண் ஒருத்தி நடந்து மலையேறுவதை அவர்கள் வேடிக்கையாகப் பார்த்தார்கள். கூட வந்த அத்தாயி என்பவளிடம் சபுரா மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, மிளகு ராவுத்தரு மேலே எங்க தங்குவாரு?"

"ராவுத்தரம்மா ஊட்டுலதானுங்க. எங்க காட்டு ஓரத்துலதான் இருக்குது. நீங்க அவங்களுக்குச் சொந்தமா, ஒறம்பரைங்களா?"

ராவுத்தரம்மா! அந்தப் பெயரை மலைக்காரிகள் சாதாரணமாக, உப்பு புளி என்பதுபோலச் சொன்னார்கள். ஊரில் சபுராவை யாரும் அப்படி அழைத்ததில்லை. "ஆமா, ஒறம்பரைதான்" என்றாள். பாதை நெட்டுக்குத்தாக ஏறியது. அட்டை கடித்துக் கணுக்காலில் ரத்தம் வழிந்ததை அத்தாயிதான் பார்த்துச் சுண்ணாம்பு வைத்தாள். சபுராவுக்கு அது உறைக்கவேயில்லை.

உச்சியில் வெயில் இல்லை. பலாமரங்களுக்கு நடுவே மூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. தினைக்காட்டைக் காட்டி, "அந்தக் கடைசிக் குடிசைங்க" என்று சொல்லிவிட்டு அத்தாயி உப்புக்கூடையோடு தன் வீட்டுக்குத் திரும்பினாள். சபுரா ஒரு பலாமரத்துக்குப் பின்னால் நின்றாள். குடிசை வாசலில் உதுமான் குந்தியிருந்தார். எதிரே ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அதே நீலச்சேலை.

"அப்பாசாமிகிட்டயா மிளகு எடுத்தீங்க?" என்று அந்தப் பெண் அதட்டிக்கொண்டிருந்தாள். "போன மழையில அவன் கொடி பாதி அழுகிப்போச்சு. ஈர மிளகைத் தள்ளிவிட்டிருப்பான். ஒண்ணு எடுத்துக் கடிச்சாவது பாத்தீங்களா?"

"பாக்கல."

"பாக்கலையா! பெரிய ஏவாரி!"

உதுமான் சிரித்தார். சபுரா திடுக்கிட்டாள். நாலு வருஷத்தில் அவர் இப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதில்லை. வீட்டில் அவர் நல்ல மனிதர். கேட்டதை வாங்கித் தருவார், கை ஓங்கமாட்டார், குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைப்பார். ஆனால் இந்தச் சிரிப்பு அந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை.

"பல்கீஸுக்குக் காது குத்தியாச்சா?" என்றாள் அந்தப் பெண்.

"மொகரம் போகட்டும்னு சபுரா சொல்றா."

"சபுரா இன்னும் கொழம்புல உப்பை அள்ளித்தான் கொட்டறாளா?"

"உப்பு கொறைஞ்சிருச்சு. இப்பப் புளிதான்."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்தபடியே அவள் முந்தானையை இழுத்துவிடக் கையை உயர்த்தினாள். அந்தக் கையில் விரல்கள் இல்லை. திரும்பிய முகத்தில் மூக்கு அமுங்கிக் காது தடித்திருந்தது. புருவம் உதிர்ந்துபோயிருந்தது. ஜெய்த்தூன் பீவி சாகவில்லை.

சபுராவுக்கு முதலில் அருவருப்பு வந்தது. பிறகு ஐயோ பாவமே என்று இருந்தது. இரண்டும் நிலைக்கவில்லை. கீழே இருந்தபோது அவள் போட்டிபோட்டது ஓர் அழகியோடு. அழகியை எப்படியாவது ஜெயிக்கலாம். நன்றாக உடுத்தலாம், சண்டை போடலாம், வயசாகும்வரை காத்திருக்கலாம். விரலில்லாத இவளிடம் ஜெயிக்க என்ன இருக்கிறது? எல்லாம் போனபிறகும் இவளிடம் அந்தச் சிரிப்பு மிச்சம் இருக்கிறதே! தன் அடுப்பில் கொதிப்பதுகூட இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தனக்கோ இவள் உயிரோடு இருப்பதுகூடத் தெரியாது.

வந்த வழியே இறங்கினாள். வீட்டு வாசலில் நின்ற அத்தாயி, "இத்தனை தூரம் வந்துட்டு உக்காராமப் போறீங்களே சாமி" என்று கூப்பிட்டது காதில் விழுந்தும் நிற்கவில்லை.

அவர் வீட்டுக்கு வந்தபிறகும் சபுரா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவர் அழுவார், தானும் அழவேண்டியிருக்கும், கடைசியில் எல்லாம் அப்படியே இருக்கும் என்று தோன்றியது. பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லியின் வீட்டுக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள்: "தலாக் சொல்லிட்ட பொம்பளை இருக்கிற குடிசையில அவங்க தனியாப் போயித் தங்கறாங்க. எங்க ஊட்டுல பச்சப்புள்ள இருக்குதுங்க." மகளைச் சொன்னது பொய்யில்லை, நோய் தொற்றிவிடுமோ என்று அவள் பயப்படத்தான் செய்தாள். ஆனால் தன்னை அங்கே கூட்டிவந்தது அந்தப் பயமில்லை என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஜமாத் கூடியது. பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாவின் ஜன்னலுக்கு இந்தப்புறம் சபுரா நின்று கேட்டாள்.

"மலைமேல ஜெய்த்தூன் இருக்கிறது நெசமா?" என்றார் முத்தவல்லி.

"நெசம்தான்" என்றார் உதுமான். "ஆஸ்பத்திரியிலே ஆறு மாசத்துக்கு மேல அவளால இருக்க முடியல. ஊருக்குள்ள கொண்டுவர உங்ககிட்டக் கேட்டேன். கெணத்துத் தண்ணி கெடையாதுன்னு சொன்னீங்க. மய்யித்து விழுந்தாத் தூக்க வரமாட்டோம்னு சொன்னீங்க. அப்புறம் அவ மௌத்தாயிட்டான்னு ஊரே பேசுச்சு, நான் மறுக்கல. மலையிலே சென்றாயன்னு எனக்கு மொளகு போடறவரு, தன் காட்டோரத்துல எடம் குடுத்தாரு. ஊருச் சுனையில தண்ணி மோக்கக்கூடாது, கீழே ஓடையிலதான் மோக்கணும்னு அவங்க ஊர்லயும் ஒரு பேச்சு இருந்துச்சு. ஆனா இருக்காதேன்னு சொல்லல."

"அது கெடக்கட்டும். தலாக் சொன்னவளோட தனியா இருக்கிறது ஹராம்னு உனக்குத் தெரியாதா?"

பள்ளிவாசலில் தொழவைக்க அந்த ஊருக்கு வந்து ஒரு வருஷமே ஆகியிருந்த ஹஜ்ரத் அதுவரை தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "எத்தனை தலாக் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான் ஹஜ்ரத். அதுக்கே வாய் வரல."

"அப்படீன்னா இத்தாக் கெடு முடிஞ்சுபோனாலும் புதுசா நிக்காஹ் பண்ணிக்கலாம். மஹர் குடுத்து, சாட்சி வெச்சுப் பண்ணிக்குங்க. இல்லைன்னா அந்தக் குடிசைக்குத் தனியாப் போகாதீங்க. சட்டம் இவ்வளவுதான்."

முத்தவல்லி எழுந்தேவிட்டார். "பெருநோய்க்காரியை மறுபடி ஜமாத்துல சேக்கறதா?"

"நோய் வந்தவளை ஜமாத்துலேருந்து எடுக்கணும்னு நான் ஓதின கிதாபுல இல்லை. உங்ககிட்ட வேற கிதாபு இருந்தாக் காட்டுங்க, படிக்கிறேன்."

உதுமான் உடனே சொன்னார்: "நிக்காஹ் பண்ணிக்கிறேன்."

யோசிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. சபுரா இரண்டு பேரையும் பிரிக்க நினைத்துத் தானே போய் அவர்களைச் சேர்த்துவைத்துவிட்டாள். இனிமேல் ஜெய்த்தூன் அவளுக்குச் சக்களத்தி. நாள் பிரிக்கவேண்டும், சேலையை இரண்டாக வாங்கவேண்டும். சட்டமே அந்தப் பங்கை அளந்து கொடுத்துவிடும்.

சாட்சிகள் இரண்டு பேரோடு ஹஜ்ரத்தும் உதுமானும் மலையேறிய அன்று, "நானும் வாரேன்" என்றாள். உதுமான் அவளை ஏறிட்டுப் பார்த்தார். ஜமாத்துக்குச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, ஆனாலும் கேட்கவில்லை. பல்கீஸை ரமீஜாவிடம் விட்டுவிட்டுக் கூடவே நடந்தாள்.

குடிசைக்குள் ஜெய்த்தூன் கதவோரம் நின்றாள். ஹஜ்ரத் வெளியிலிருந்து விஷயத்தைச் சொன்னார்.

"அன்னைக்கும் நான் இப்படிக் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன் ஹஜ்ரத்" என்றாள் ஜெய்த்தூன். "ஜமாத்து சொல்லுச்சு, இவங்க தலாக் சொன்னாங்க. என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. இன்னைக்கும் ஜமாத்து சொல்லி இவங்க வந்திருக்காங்க. ஆனா நீங்க என் சம்மதத்தைக் கேக்கறீங்க. அதுக்கு அல்லாஹ் உங்களை நல்லா வெக்கட்டும். எனக்குச் சம்மதமில்லை."

"ஜெய்த்தூன்!" என்றார் உதுமான்.

"இல்லீங்க. போயிட்டு வாங்க. இனிமே இங்க தனியா வராதீங்க, பாவம்னு சொல்றாங்கல்ல." பிறகு, "யாரு போயிச் சொன்னது?" என்று கேட்டாள்.

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். சபுரா துப்பட்டியை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். "நான்தான்."

ஜெய்த்தூன் கதவிடுக்கில் அவளைத் தலை முதல் கால்வரை பார்த்தாள். "நீதானா சபுரா? நெனைச்சதைவிட ஒசரமா இருக்கே" என்றாள்.

இறங்கும்போது உதுமான் முன்னால் நடந்தார். அவர் தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. சபுரா ஜெயித்துவிட்டாள்.

ஜெயித்தவளுக்கு அதற்குப்பிறகு ஒருநாளும் நிம்மதியில்லை. உதுமான் சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அவ்வளவு பக்கத்தில் போய்விட்டுப் பார்க்காமல் திரும்ப முடியாது என்று பொங்கியண்ணனை அனுப்பினார். அரிசியும் நோய்க்குப் பூசும் நீரடிமுத்து எண்ணெயும் அவனே கொண்டுபோய்ச் சென்றாயன் வீட்டில் இறக்கினான். சந்தை நாளன்று உதுமான் கொல்லைப்புறத்தில் மலையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், மறுபடி அங்கே போய்விடுவார். முன்பு சந்தைக்குச் சந்தை ஒரு நாள் மட்டும் மலைமேல் அவரோடு இருந்த ஜெய்த்தூன், இப்போது எல்லா நாளும் சபுராவின் வீட்டில் இருந்தாள். அவர் பார்வை போகிற இடத்திலெல்லாம் இருந்தாள்.

ஒருநாள் சபுரா பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "நான் போயிப் பாத்துட்டு வாரேன். பொம்பளைக்குப் பொம்பளை போனா ஹராமில்லை."

உதுமானின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதே, ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. தான் போனால் அவர் போகவேண்டிய தேவை இல்லாமல் போகும், ஏக்கமும் மெல்ல அடங்கும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள். அவள் செய்ததில் இரக்கம் இருந்தது என்று பின்னால் சிலர் சொன்னார்கள். முதல் தடவை அரிசியோடு மலையேறியபோது அவளிடம் அது துளியும் இல்லை.

ஜெய்த்தூனுக்கு நாக்கு நீளம். "அரிசியை அங்கயே வெச்சுட்டுத் தள்ளி உக்காரு. கொழந்தை இருக்கிறவ" என்பாள். கொஞ்சநேரம் கழித்து, "எப்படி இருக்காங்க?" என்பாள்.

"இருக்காங்க."

"இருமல் போச்சா?"

"போச்சு."

போகவில்லை. ஆனால் அவருடைய இருமலைப் பற்றி இவளுக்கு எதற்குச் சொல்லவேண்டும்? அதேபோல் வீட்டுக்குத் திரும்பினால், வாசலிலேயே நின்றிருக்கும் உதுமானிடம் சபுரா செருப்பைக் கழற்றி, கால் கழுவி, தண்ணீர் குடித்து, குழந்தையை மடியில் போட்டபிறகுதான் வாயைத் திறப்பாள். "நல்லா இருக்காங்க" என்பாள். அதற்குமேல் கேட்க அவர் தயங்குவார். அந்தத் தயக்கம் அவளுக்கு இனித்தது. அவள் வருகைக்காக அவர் வாசலில் நிற்பது அதுதான் முதல் தடவை. நிற்பது அவளுக்காக இல்லை என்பதை நினைக்கும்போது அதே இனிப்பு கசந்தது.

அப்படிப் போய்வரத் தொடங்கிய புதிதில், ஹஜ்ரத்தின் மனைவி ஒருநாள் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினாள். "ஒனக்கு ஒரு விஷயம் சொல்லச் சொன்னாங்க. தனியா இருக்கிறதுதான் கூடாது. நீ கூட இருந்தா அது தனிமை இல்லை. அவரையும் கூட்டிட்டே போகலாம், வாசல்ல உக்காந்து பேசிட்டு வரட்டும். அவருகிட்டச் சொல்லு."

"சொல்றேங்க" என்றாள் சபுரா.

சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே சொல்லக்கூடாது என்று முடிவு செய்துவிட்டாள். அதற்கப்புறம் பல சந்தைகள் வந்துபோயின. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் உதுமான் அடிவாரம்வரை கூட வந்து, பாதை ஏறுமிடத்தில் நின்றுகொள்வார். வளைவு திரும்பும்போது பார்த்தால் இன்னும் நின்றுகொண்டிருப்பார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் ஓடிவந்து சேர்ந்துகொள்வார். அவள் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு வளைவைக் கடந்துவிடுவாள்.

ஐப்பசியில் மழை ஓயாமல் பிடித்தது. மலைப்பாதை ஓடையாகி, சபுரா போகமுடியாமல் சந்தை ஒன்று தப்பியது. அடுத்த வாரம் சென்றாயனே சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்தபடி வந்து வாசலில் நின்றார்.

"ராவுத்தரம்மாவுக்குக் குளிர்சொரமுங்க. எங்க ஊட்டு அத்தாயி கஞ்சி வெச்சுக் குடுத்துப் பாத்துக்கிறா. ஆனா நெலமை சரியில்லீங்க."

உதுமான் சட்டையை மாட்டிக்கொண்டார். "ஹராமா இருந்தா அந்தப் பாவம் எனக்கு வரட்டும்" என்று இறங்கி நடந்தவர், பள்ளிவாசல் முன்னால் ஹஜ்ரத்தைப் பார்த்து அதையே சொல்லியிருக்கிறார். ஹஜ்ரத் ஆச்சரியப்பட்டாராம். "சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போங்க. அதைத்தான் அப்பவே எங்க வீட்டுல சபுராகிட்டச் சொல்லியனுப்பினேனே, நீங்க ரெண்டு பேரும் சேந்துதான் போயிட்டு வர்றீங்கன்னுல்ல நெனைச்சிட்டிருக்கேன்?"

உதுமான் வீட்டுக்குத் திரும்பி வந்தார். நிலைப்படியில் நின்று அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே சபுராவுக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தாள். முதல் தடவையாக அடித்தாலும் அடிக்கட்டும் என்று நினைத்தாள்.

"கெளம்பு" என்றார். அவ்வளவுதான்.

வழி முழுக்க மழை. அவள் வழுக்கிய இடத்தில் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். பிடித்து ஏறியதும் விட்டுவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அவளை வெறுத்திருந்தால்கூட அது அவளைப் பற்றிய நினைப்பாக இருந்திருக்கும். அவர் நினைப்பில் அவளே இல்லை. சீக்கிரம் போய்ச் சேரவேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. அந்த மழையிலும் சபுராவுக்கு வயிறு எரிந்தது.

ஜெய்த்தூன் பாயில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் அத்தாயி கஞ்சிச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். உதுமான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெய்த்தூன் கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இப்படி வர்றது தப்பில்லையா?"

"சபுரா கூட இருந்தாத் தப்பில்லையாம்."

"அப்ப இத்தனை நாளா ஏன் வரல?"

உதுமான் மழையைப் பார்த்தார். "ஹஜ்ரத் இன்னைக்குத்தான் சொன்னாரு" என்றார்.

சபுராவுக்குச் சுருக்கென்றது. மலைப்பாதை முழுக்கப் பேசாத மனிதர் தனக்காகப் பொய் சொல்கிறார். அதுவும் இவளிடம், எதையும் மறைக்காத இவளிடம். அவரிடமிருந்து அவள் எதிர்பார்த்தது என்னவோ, இது இல்லை.

"அவங்க பொய் சொல்றாங்க" என்றாள். "எனக்கு அப்பவே தெரியும். நான்தான் சொல்லாம விட்டேன். அவங்க இங்க வந்து சிரிக்கிறதை நான் பாத்திருக்கேன். என் ஊட்டுல அவங்க அப்படிச் சிரிச்சதே இல்லை."

அத்தாயி கஞ்சிச்சட்டியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனாள். ஜெய்த்தூன் மூச்சுவிடவே சிரமப்பட்டாள். ஆனாலும் உதட்டோரம் கோணியது.

"சொல்லியிருந்தீன்னா நீ மனுசியே இல்லை, வானத்துலேருந்து வந்த மலக்குன்னு நெனைச்சுப் பயந்திருப்பேன்" என்றாள். கொஞ்சம் இளைப்பாறிவிட்டுச் சொன்னாள்: "நிக்காஹ் வேணாம்னு நான் சொன்னது ரோஷத்துல மட்டும்னு நெனைச்சியா? உன்னைக் கதவிடுக்குல பாத்தேன். முழுக் கையும் முழுக் காலுமா நின்னுட்டிருந்தே. பங்கு போட்டா எனக்கு வர்றது உன்னோட மிச்சம்தானே? மிச்சம் எனக்கு வேணாம்னு வெச்சேன். அன்னைக்கு ராத்திரி அழுதது சென்றாயன் ஊட்டு நாய்க்குத்தான் தெரியும்."

உதுமான் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவரைத் தேற்ற இரண்டு பெண்களில் ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை.

"அக்கா, கஞ்சி ஆறிடும்" என்று கடைசியில் சபுராதான் சொன்னாள். அப்படி அழைக்கவேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வெளியே போய் அத்தாயியிடமிருந்து சட்டியை வாங்கிவந்து கரண்டியால் ஊட்டினாள்.

மூட்டம் விலகித் தை பிறந்தபோது ஜெய்த்தூன் எழுந்து நடமாடினாள். அதன்பின் சந்தைக்குச் சந்தை இரண்டு பேருமாகப் போனார்கள். உதுமான் வாசலில் உட்கார்ந்து மிளகையும் மழையையும் பேசுவார், ஏச்சு வாங்குவார், சிரிப்பார். சபுரா பலாமரத்தடியில் கீரை ஆய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். சில சமயம் அவளுக்கும் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வாள். ஒருநாளும் எழுந்துபோய் அவர்களைத் தனியே விட்டதில்லை. சட்டம் அப்படி இருந்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

கீழே ஊரில் வேறு கதை நடந்தது. ரமீஜா தன் பிள்ளைகளைப் பல்கீஸோடு விளையாட விடவில்லை. முத்தவல்லி வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லாப் பெண்களையும் சமையலுக்குக் கூப்பிட்டார்கள், சபுராவைக் கூப்பிடவில்லை. கிணற்றடியில் அவள் வாளி இறக்கினால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப்போனார்கள். "எம் மேல நோயில்லை, பாருங்க" என்று கையை நீட்டிக் காட்டினாள் ஒருநாள். நீட்டியபிறகு அவமானமாக இருந்தது. ஜெய்த்தூன் எத்தனை பேரிடம் இப்படிக் கையை மறைத்திருப்பாள் என்று முதல் தடவையாக யோசித்தாள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய மறுவருஷம் மாசியில் ஜெய்த்தூன் மௌத்தானாள். மய்யித்துக் குளிப்பாட்டும் பெண்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஹஜ்ரத்தின் மனைவி தண்ணீர் மோந்து ஊற்ற, சபுராதான் குளிப்பாட்டினாள். கட்டைக் கைகளையும் தேய்ந்த பாதங்களையும் கழுவினாள். தலைமுடி மட்டும் கருகருவென்று நீளமாக இருந்தது. அதை மூன்று பின்னலாகப் பின்னினாள். ஊரார் மய்யித்தைக் கீழே கொண்டுவர ஒப்பவில்லை. ஹஜ்ரத் தொழவைக்க, சென்றாயன் தன் காட்டோரத்திலேயே குழி வெட்டிக் கொடுத்தார். தலாக் சொன்னவர் என்பதால் உதுமான் முகத்தைப் பார்க்காமல் விலகியே நின்றார்.

இறங்கி வரும்போது பாதி வழியில் அவர் நின்றார்.

"முகம் எப்படி இருந்துச்சு சபுரா?"

கழுவி முடித்ததும் அந்த முகத்திலிருந்து நோய் கொஞ்சம் விலகினதுபோல் இருந்ததையும், ஹஜ்ரத்தின் மனைவிகூட, "எவ்வளவு லட்சணமா இருந்திருக்கா" என்று சொன்னதையும் சபுரா நினைத்தாள்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

அவர் இன்னும் ஏதோ சொல்வாள் என்று நின்றுகொண்டிருந்தார். சபுரா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் இறங்கினாள்.